பின்னால் நடந்துபோன சனிக்கிழமை

இஞ்சாரும் ரஞ்சி,

நீர் இருந்த காலத்தில் நான் உமக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம்? இப்போது எழுதுகிறேன். முகவரி தெரியாததால் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் நேற்று உம்முடைய ஆண்டுத் திருப்பலிக்கு வந்தவர்கள்தான், அதனால் பெரிதாய்க் கூச்சமில்லை.

வெளியே பனி பொழிந்துகொண்டிருக்கிறது. சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை. எதிர்வீட்டு மாடிப்படிகள் வெள்ளையாய்த் தடித்துப்போய்க் கிடக்கின்றன. இந்த நேரத்தில் நீர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, இவ்வளவும் ஒருகாலம் கடலாய்க் கிடந்த தண்ணி" என்பீர். நான் ஓம் என்பேன். உயர்தரப் பரீட்சையில் பௌதிகத்துக்கு மட்டுமட்டாய்ச் சித்தியடைந்து வெறும் எஸ் எடுத்தவனுக்கு ஓம் சொல்வதுதான் பாதுகாப்பு.

அந்த எஸ்காரன்தான் இப்போது உம்முடைய சனிக்கிழமை வகுப்பை நடத்துகிறான். சிரியாதேயும். பிள்ளைகள் விஞ்ஞானம் எப்போ என்று கேட்டபடி இருக்கிறார்கள் என்று சுவாமியார் பூசை முடிந்து வாசலில் மறித்துச் சொன்னார். துறைமுகத்தில் கொன்ரெயினர் ஏற்றி இறக்குகிறவனுக்கு என்ன விஞ்ஞானம் என்று கேட்டேன். பாரம் தூக்குவதும் விஞ்ஞானம்தானே என்றார். சுவாமிமாரோடு வாதாடி வென்றவன் யார்?

அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நீர் எவ்வளவு பாடுபட்டீர் என்பதும் நினைவில் இருந்தது. பங்குப் பாடசாலையில் மறைக்கல்வியும் தமிழும் போதும் என்றவர்களிடம், "தமிழ் செபிக்கிறதுக்கும் பிள்ளையளை ஏசுறதுக்கும் மட்டுமில்லை" என்று நின்றீர். அதை நான் விட்டால் நீர் விடுவீரா? கனவில் வந்து நிற்பீர்.

இந்தத் தவணை முழுக்கச் சக்தியும் சக்தி மாற்றமும். நீர் செய்த மாதிரியே செய்யப் பார்த்தேன். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கன்னத்தில் வைக்கச் சொன்னேன், இயக்கம் வெப்பமாகிறது என்று. பங்கு மண்டபத்துப் படியின் உச்சியில் ஒரு பந்தை வைத்து, சும்மா இருக்கும் பந்துக்குள்ளும் சக்தி இருக்கிறது என்றேன். தள்ளிவிட்டதும் அது உருண்டுபோய்ச் சுவாமியாரின் காலில் முட்டியது. ரோர்ச்சைக் கழற்றிக் காட்டினேன்: பற்றரிக்குள் இரசாயனச் சக்தி, கம்பியில் மின்சக்தி, குமிழில் ஒளி. பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தமிழுக்கு வந்தார்கள்.

ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் உம்முடைய சைக்கிள் கதையைத்தான். ஊரில் வருஷக்கணக்காய்க் கறண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில், நீர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதை. பெடலைச் சுற்றினது கை. கைக்குப் பலம் தந்தது புட்டு. புட்டுக்கு அரிசி, அரிசிக்கு வெயில். பிறகு எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைப்பீராம்: "நேற்றுச் சாப்பிட்ட புட்டு இண்டைக்குப் பாடுது!" அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

உம்முடைய முறையே அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதைக் கண்டாலும், இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுப் பின்னால் நடப்பது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் உம்முடைய வகுப்புக்கு ஒருநாளும் வந்து இருந்ததில்லையே நான்.

ஒரு வசனத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற வசனம். பாடத்தின் தலையே அதுதான், தெரியும். ஆனால் மகள் பின்வரிசையில் இருக்கிறபோது என் வாய்க்கு அது வரவில்லை. எனக்கு அந்த வசனத்தில் கோபம். அழிக்க முடியாதாம், நல்ல கதை.

அனிதாவைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீர் போனதிலிருந்து அவள் வீட்டில் தமிழ் கதைப்பதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் ஒரு சொல்லில் முடிப்பாள். உம்மோடு நின்று பாடின பாடகர் குழுவுக்கும் போவதில்லை. தனியே விட்டுவிட்டு வர மனமில்லாததால் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே காதில் பாட்டுக் கேட்கிற வயரைச் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

இன்னொன்று, அடுப்பு. நீர் போன அன்றே நம்முடைய அடுப்பும் நின்றுவிட்டது. மணிக்கூட்டு வெளிச்சம்கூட இல்லை. வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கர் வேறு அடுப்புக் கொண்டுவந்து போடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நீர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அடுப்பு, அதைத் தூக்கிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது. மேல்மாடிப் பிலோமினா அக்கா கொண்டுவருகிற சோறும், கடை இடியப்பமும், மைக்ரோவேவும் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இது ரொறன்ரோவில் இருக்கிற உம்முடைய அக்காவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? போன மாதம் ரெலிபோன் எடுத்தா. "அடுப்பு எரியாத வீட்டிலை பொம்பிளைப்பிள்ளையை எப்பிடி விடுறது? ஆண்டுத் திருப்பலிக்கு வரேக்கை அனிதாவை என்னோடை கூட்டிக்கொண்டு போறன்." அவ சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ தேடினேன். அனிதாவிடம் கேட்டேன், தோளைக் குலுக்கினாள். போவது என்றும் இல்லை, நிற்பது என்றும் இல்லை. அந்தத் தோள்குலுக்கலோடு ஒரு மாதம் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை, ரஞ்சி.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். மண்டபத்தில் ஒரு கலியாணம், அதனால் பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். ஐந்தாறு பேர், அத்தனை சப்பாத்திலும் பனி உருகி வாசலில் குளம். உம்முடைய விளையாட்டையே கொடுத்தேன்: வீட்டில் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டு, அதன் சக்தி எங்கேயிருந்து வந்தது என்று பின்னால் நடக்கவேண்டும். ஒருவன் மேசை விளக்கைத் தொட்டான். இன்னொருத்தி சுவரோரச் சூடாக்கியில் முதுகை வைத்துக்கொண்டு எழும்பமாட்டேன் என்றாள்.

டிலானி, உமக்குத் தெரியும், முன்பல் விழுந்த சின்னவள், போய் அடுப்பைத் தொட்டாள். எல்லாத் திருகியையும் திருகிப் பார்த்தாள்.

"அங்கிள், இது செத்துப்போச்சோ?"

ஓம் என்றேன். அப்போது பின்னால் ஒரு குரல் தமிழில் கேட்டது. ஒரு வருஷம் தமிழில் நான் கேளாத குரல்.

"அம்மா அப்பிடிச் சொல்ல விடமாட்டா. முதல்லை பின்னாலை போய்ப் பார்க்கச் சொல்லுவா."

அனிதா காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு வந்தாள். அடுப்பை இழுக்கச் சொன்னாள், இழுத்தேன். பின்னால் தடித்த வயர், சுவரில் ஒழுங்காய்த்தான் செருகிக் கிடந்தது. கறண்ட் வருகிற வழியைத் தேடி அந்தச் சுவரில் ஒரு விரலை வைத்து மெல்ல நடக்கத் தொடங்கினாள். குசினிக் கதவு, நடைபாதை, உடுப்பு அலுமாரி. பிள்ளைகள் வரிசையாய் அவள் பின்னால், நான் கடைசியில். நித்திரையில் நடக்கிற மாதிரித்தான் இருந்தது எனக்கு.

அலுமாரிக்குள் உம்முடைய நீலக் கோட் தொங்கியது. அடக்கம் முடிந்து வந்த அன்று நான் கொழுவினது, அதற்குப்பிறகு ஒருவரும் அசைக்கவில்லை. அனிதா அதை எடுத்து என் கையில் தந்தாள். கோட்டுக்குப் பின்னால் கறண்ட் பெட்டியின் இரும்புக் கதவு. உள்ளே எல்லாச் சுவிச்சும் ஒரு பக்கம் பார்க்க, ஒரு பெரிய சுவிச் மட்டும் மறுபக்கம் பார்த்தது. அதை அவள் தள்ளினாள்.

குசினியிலிருந்து டிலானி கத்தினாள்: "அங்கிள், மணிக்கூடு முழிச்சிட்டுது!"

அடுப்பின் வளையம் மெல்ல மெல்லச் சிவந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். நான் உம்முடைய கோட்டை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடுங்கோ, இன்னும் பின்னாலை போவம் என்று அனிதா சொன்னாள். பெட்டியிலிருந்து தெருக் கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து நகரத்துக்கு வெளியே, காடுகளுக்கு மேலாலே, வடக்கே, மனிதர் இல்லாத பனிக்குள்ளே. அங்கே அணை. அணைக்குப் பின்னால் மேலே மட்டும் உறைந்த தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் மழை, முகில், கடல். கடலைச் சூடாக்கின சூரியன். அவளுடைய தமிழ் இடைக்கிடை தடுக்கியது, ஆனாலும் நிற்கவில்லை.

நானும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே போனேன். எல்லாத்துக்கும் பின்னால் நீர் நிற்பீர் என்று ஒரு நப்பாசையில் போனேன். அங்கே சூரியன்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சோற்றுப்பானையோடு பிலோமினா அக்கா வந்தா. சிவந்த அடுப்பைக் கண்டதும் பானையை மேசையில் வைத்துவிட்டு நெற்றியில் கையை வைத்தா.

"ஐயோ மாதாவே, அதை நான்தானே நிப்பாட்டினனான்."

விஷயம் இதுதான். செத்தவீட்டில் எட்டாம் நாள் முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது அல்லவா? ரொறன்ரோவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் நீர் போன அன்று தேத்தண்ணி போட அடுப்பில் தண்ணீர் வைக்கப் போயிருக்கிறார். பிலோமினா அக்கா ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டாமல் பெட்டியிலேயே நிற்பாட்டிவிட்டா. எட்டுக்குப்பிறகு போட்டுவிட வந்தால், அதன்மேல் உம்முடைய கோட். அதை அசைக்க மனம் வராமல் பேந்து பார்ப்போம் என்று போயிருக்கிறா. பிறகும் நாங்கள் சமைக்காமல் இருப்பதைக் கண்டு, ஆண்டு முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை என்று நான் நேர்த்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டா. நினைத்ததோடு நின்றாலும் பரவாயில்லை, பங்கு முழுக்கச் சொல்லியும்விட்டா.

ஒரு வருஷமாய்க் கோயில் வாசலில் சனம் என்னைக் கண்டு ஏன் மரியாதையாய் விலகி வழிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அடுப்புப் பழுதென்று இருந்தேன். அவ எனக்கு விரதம் என்று இருந்தா. கேட்டால் மற்றவருடைய மனம் நோகும் என்று இருவரும் வாயே திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை கொடுத்தால் பட்டினிதான். அக்கா அழுதா, பிறகு சிரித்தா, நானும் அப்படித்தான்.

ஆனால் நான் ஏன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை? வேலையிடத்தில் ஒரு விளக்கு நின்றால் முதலில் ஓடுகிறவன் நான்தானே. உமக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் போனபிறகு அனிதா ஃபிறீசரைக் கிளறி அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். புட்டுக்கு என்று நீர் வறுத்து அரித்து வைத்துவிட்டுப் போன சிவப்பரிசி மா. சுடுதண்ணீர் விட்டு நான் குழைத்தேன், அவள் சுண்டுப்பேணியின் தகர விளிம்பால் கொத்தி உதிர்த்தாள். ஓலையில் பின்னின நீத்துப்பெட்டியில் ஆவி மேலெழும்ப, வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்த ஜன்னல் நனைந்து வழிந்தது. அப்போது அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்பா, பாடத்திலை ஒரு வசனத்தை விட்டிட்டீங்கள்."

எது என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியும் என்றாள்.

உம்முடைய அக்கா இருட்டின பிறகு வந்து சேர்ந்தா, ஒரு பெரிய வெறும் சூட்கேசோடு. அனிதாவின் உடுப்புகளுக்கு என்று கொண்டுவந்தது. புட்டு கட்டி கட்டியாய்த்தான் வந்திருந்தது, நீர் என்றால் கோழிக்குப் போடச் சொல்லியிருப்பீர். அக்கா ஒரு வாய் வைத்தா, மென்றா, அப்படியே நிறுத்தினா. இது ரஞ்சி வறுத்த மா என்றா. புட்டுக் கோப்பையைப் பிடித்தபடி வெகுநேரம் அழுதா. அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அனிதா சொன்னாள்.

"பெரியம்மா, நான் இஞ்சதான் இருக்கப்போறன். அடுப்பு எரியுது."

அக்கா என்னைப் பார்த்தா, அடுப்பைப் பார்த்தா. பிறகு இன்னும் கொஞ்சம் சம்பல் போடச் சொன்னா.

நேற்றுத் திருப்பலி. கோயில் நிறையச் சனம். பதிலுரைப் பாடலுக்கு யாரோ எழும்புவார்கள் என்று பார்த்திருக்க, என் பக்கத்திலிருந்து அனிதா எழும்பிப் போனாள். நீர் நின்று பாடின இடத்தில் போய் நின்றாள். அவளுக்குக் கொஞ்சம் பெரிதான உம்முடைய நீலக் கோட்டோடு நின்று பாடினாள்.

நான் கண்ணை மூடிப் பின்னால் நடந்தேன், ரஞ்சி. பாட்டுக்குப் பின்னால் மூச்சு. மூச்சுக்குப் பின்னால் அவள் இரவு சாப்பிட்ட புட்டு. புட்டுக்குப் பின்னால் மா. மாவுக்குப் பின்னால், சட்டியில் வறுத்துக்கொண்டு, உம்முடைய கை.

அந்த மா இன்னும் ஒருதரம் அவிக்கப் போதும். முடிந்ததும் நானே வறுப்பேன், கருக்கினால் சிரியாதேயும். வருகிற சனிக்கிழமை, விட்ட வசனத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இது சத்தியம்.

நீர் இஞ்சாருங்கோ என்று கூப்பிடுகிற,
அனிதாவின் அப்பா