மில்டனை பஸ் ஏற்றிவிட்டேன்

பைசாண்டு,
மார்ச் 3, 1997

பெருமைக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலம் தொலைக்காட்சியில் தெரிந்தது, மாநாட்டில் நீ விருது வாங்கியதைக் காட்டினார்கள். முத்துமாலை நன்றாக இருந்தது. மனநோயாளிகளும் வெளியே வந்து வேலை செய்து வாழலாம் என்றாய். இருபது வருட ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது இதுதானா? அடுத்து என்ன, பசித்தால் சாப்பிடலாம் என்பதா?

பக்கத்தில் மில்டன் மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருந்தான். "அக்கா என்னையா சொல்றா?" என்றான். "உன்னை இல்லடா. அவ புஸ்தகத்துல இருக்கிற பைத்தியங்களை" என்றேன். அம்மா போனதிலிருந்து நம் தம்பிக்குச் சோறு போடுவது நான். விருது வாங்குவது நீ.

படிக்காத தங்கை,
நெலிதா


மொன்டேவிடியோ,
மார்ச் 15

அன்பு நெலி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு வலித்தது. இங்கும் மரியாதை ஒன்றும் கொட்டவில்லை. சக மருத்துவர்கள் என் பிரிவை "இர்மாவின் வேலைவாய்ப்பு ஆபீஸ்" என்கிறார்கள்.

தம்பியை என்னிடம் அனுப்பு என்று எத்தனை முறை கேட்டேன்? வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவன் என்றே பதில் வரும். என்ன வேலை பிடிக்கும் என்று ஒரு தடவை அவனையே கேட்டுப்பார்.

உன் அக்கா,
இர்மா


பைசாண்டு,
ஏப்ரல் 2

டாக்டர் அம்மாவுக்கு,

கேட்டேன். "துறைமுகத்துல வேலை பாக்கணும். தினம் கப்பல் பாக்கலாம்" என்றான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவன் பையை எடுத்துத் துணி அடுக்கினான்.

இன்று காலை பஸ் ஏற்றிவிட்டேன். மாத்திரைகள் பக்கவாட்டுப் பையில் இருக்கின்றன. மாநாட்டில் பேசியதை இனி வீட்டில் செய்துகாட்டு. ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புவாய். கதவைத் தாழிடாமல் வைக்கிறேன்.

நெலிதா


மொன்டேவிடியோ,
ஜூலை 20

அன்பு நெலி,

ஃபோனில் நீ பேச மறுப்பதால் எழுதுகிறேன். என் கெட்டிலைக் கருக்கினான். உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனான். காதில் கேட்கும் குரல்களோடு சத்தமாகச் சண்டை போட்டான் என்று அனுப்பிவிட்டார்கள். நீதான் ஜெயித்தாய் என்று நினைத்தேன். அவனோ, "வேற எடம் பாருக்கா" என்றான்.

இப்போது துறைமுக மீன்கடையில் செதில் சீவுகிறான். முதலாளி நாள் முழுக்கக் கத்துகிற மனிதர். பயந்துபோய், வேறு இடம் பார்க்கட்டுமா என்றேன். "வேணாம். அவர் கத்துறப்போ தலைக்குள்ள இருக்கிறவங்க வாயை மூடிக்கிறாங்க" என்றான்! என் ஆராய்ச்சியில் எங்கும் இல்லாத வைத்தியம். நண்பன் ஒருவனோடு தனி அறை எடுத்திருக்கிறான். குரல்கள் போய்விடவில்லை. சில நாள் படுத்தே கிடக்கிறான், மறுநாள் போகிறான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன். "இப்ப வேணாம். நெலி சிரிப்பா" என்றான். உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இர்மா


பைசாண்டு,
ஆகஸ்ட் 1

இர்மா,

செதில் சீவுகிறானா! இத்தனை பட்டமும் பதவியும் ஒரு மீன்காரனை உருவாக்கத்தானா? தெருவில் சொன்னால் என்னைத்தான் கேலி செய்வார்கள். இருந்தாலும் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வரவில்லை என்றால் வர வேண்டாம். நான் கூப்பிடவும் இல்லை.

ஒன்று மட்டும் எழுது. கத்தரிக்கோலைக் கண்டாலே நடுங்குவான். தலையில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டான், நான்தான் வெட்டிவிடுவேன். நாலு மாதம் ஆகிறது. இப்போது அவனுக்கு யார் முடி வெட்டுகிறார்கள்?

நான் கேட்டதாக அவனிடம் சொல்லாதே.

நெலி