வரைபடத்தில் வெட்டுப்பட்ட ஓரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நகர வரலாறு வந்து சேர்ந்தது. அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு யாரையும் தொட விடுவதில்லை. எனக்கு ஒரு வரிதான் உறுத்துகிறது. பதினோராம் பக்கத்தில், கோட்டை கட்டுவதற்கு முன் இது ஆளில்லாப் பொட்டல் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைக் காட்டித்தான் துறைமுகக் குடியிருப்பின் முந்நூறு வீடுகளை இடிக்க மாநகராட்சி நீதிமன்றம் போயிருக்கிறது. எல்லாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்களாம்.

அங்கிருந்து ஒரு படகுத் தச்சர், நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்தின் வரைபட அறைக்கு வந்தார். "எங்க கிணத்துத் தண்ணியிலதாம்மா அந்தக் கோட்டைக்கே சுண்ணாம்பு குழைச்சாங்க" என்றார். கோட்டை கட்டத் தொடங்கியபோது வரைந்த, நீ ஆதாரம் காட்டியிருக்கும் வரைபடத்தின் மூலத்தையே எடுத்து விரித்தேன். கோட்டைக்கு வெளியே ஒரு வீடுகூட இல்லை, ஆனால் பன்னிரண்டு கிணறுகள். அளந்தவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "சுவருக்கு வெளியே உள்ள வீடுகளைக் குறிக்க உத்தரவில்லை."

உனக்கு அனுப்பிய நகலில் அந்த ஓரம் இல்லை. உன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அடங்கட்டும் என்று வெட்டியது நான்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு முன் நீதிமன்றத்துக்கு நாலு வரி எழுதிவிடு.

உன் தங்கை

மார்ச் 7

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் மூட்டுவலி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. பதினான்காம் தேதி எனக்குப் பாராட்டு விழா, மேயர் வருகிறார். இந்த நேரத்தில் என் புத்தகம் தப்பு என்று நானே போய் நின்றால் ஊர் சிரிக்காதா? ஆறு வருட உழைப்பு அது. ஓரத்தை வெட்டியது நீ என்று தெரிந்தால் உன் வேலைக்கும் வேட்டு. அந்தப் படம் நைந்துபோனதுதானே? பழுதுபார்க்க அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிடு. விசாரணை முடியட்டும், இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

உன் அண்ணன்

மார்ச் 10

அண்ணா,

அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. உன் இரண்டாம் பதிப்பு வரும்போது அந்த வீடுகள் இருக்குமா?

முழுப் படத்தையும் நகலெடுத்து, முத்திரை குத்தி, தச்சரின் வக்கீலிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். வெட்டியது நான் என்று மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக்கு நீதான் சாட்சியாம். நான் கூண்டில் ஏறுவதற்கு முன் நீயே உண்மையைச் சொல்லிவிடு அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை

மார்ச் 21

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

இடிப்புக்குத் தடை கிடைத்துவிட்டது. தாங்கள் கூண்டில் நின்று அந்த ஓரத்தைப் படித்துக் காட்டியபோது, அத்தனை பேர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றதையும் பார்த்தீர்கள். பதினோராம் பக்கத்தைத் திருத்தும்படி பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். நன்றியுரையில் முதலாவதாக இருந்த தங்கள் பெயரையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவைப் பார்க்க வரவேண்டும். தாங்கள் எந்தெந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வரலாற்றுப் பேராசிரியர்