யார் ஊற்றிய எண்ணெய்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. யோசித்துத்தான் எடுத்தேன். பட்டறைக்காரர் போன வாரம் என் சரக்கு வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றியதாகச் சொன்னார். மூன்றாம் நாள் எஞ்சினிலிருந்து அளவுக்குச்சியை உருவி ஆயிலைப் பார்த்தேன். கறுப்பு. மை மாதிரி. மாற்றவே இல்லை அந்த ஆள். வண்டியை உள்ளே விட்டுத் திரையை இழுத்துவிட்டு, எனக்கு மட்டும் வெளியே நாற்காலி போட்டபோதே புரிந்திருக்க வேண்டும். யாரும் காரணம் இல்லாமல் நாற்காலி போடுவதில்லை.

இனி நானே மாற்றிக்கொள்வேன். ஆயிலும் ஃபில்டரும் வாங்கியாயிற்று.

அக்கா சொன்னாள்: “நீ படிச்ச படிப்புக்கு வண்டி ஓட்டுறதையே இன்னும் நான் வெளிய சொல்லிக்கல. இப்ப வண்டிக்கு அடியில வேற படுக்கப் போறியா?”

மார்ச் 5

இடம்தான் சிக்கல். வண்டி நிற்பது சலவைக்கூடத்தின் முற்றத்தில். ஆஸ்பத்திரிகளின் அழுக்கு விரிப்புகளை இங்கே கொண்டுவருவதும் வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுபோவதும் என் வேலை. அக்கா உள்ளே இஸ்திரி இயந்திரத்தில். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

துவைத்த விரிப்புகள் தள்ளுவண்டியில் இந்த முற்றத்தைக் கடந்துதான் உலர்த்தும் கொட்டகைக்குப் போகின்றன. தரையில் இருப்பது சக்கரத்தில் ஏறும், சக்கரத்தில் இருப்பது கையில், கையில் இருப்பது துணியில்.

முதலாளியம்மா அனுமதித்தார், அவர் பாணியில். “செஞ்சுக்கோ. ஆனா என் தரையில ஒரு சொட்டு எண்ணெயப் பாத்தேன், வண்டியும் வெளிய, வேலையும் வெளிய. யாரா இருந்தாலும் சரி. அப்புறம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்காத.”

மார்ச் 7, சனி

முடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எழுதி வைக்கிறேன்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் முழுதாக இறங்கும். கொதித்தால் கை வெந்துவிடும். தரையில் கிழிந்த விரிப்புகள் மூன்று, மேலே அட்டை, அதன்மேல் அகலமான தட்டு. எஞ்சின் அடியில் ஆயில் இறங்கும் துளையை மூடியிருக்கும் நட்டை விரலால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே கழற்ற வேண்டும். கடைசி மரைவரை அழுத்தம் தளரக் கூடாது. பிறகு வெடுக்கென்று கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது, முறுக்கில்லாமல், சத்தமில்லாமல்.

ஃபில்டரில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். கழற்றும்போது அதற்குள் இருப்பது வழிந்து முழங்கைவரை ஓடும். நான் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைத் தலையணைக்கு உறை மாதிரி அதன்மேல் ஏற்றி, பையோடு சேர்த்துப் பிடித்துத் திருகினேன். கழன்று பைக்குள்ளேயே விழுந்தது. அப்படியே முடிச்சுப் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கி, நட்டையும் மூடிப் புது ஆயில் ஊற்றினேன்.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். “என்னடி, வண்டிக்குப் பிரசவமா? தலை தெரியுதா?”

சிரிப்பில் கை நழுவியிருக்கும்.

இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். சைலன்சர். பக்கத்து வண்டிக்காரர். நாள் முழுக்க ஒரு சத்தமும் வராது என்பதால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக இங்கே எல்லா ஆஸ்பத்திரி ஓட்டமும் அவருடையது, ஆறு மாதம் முன்பு நான் வந்து பாதியை வாங்கிக்கொள்ளும்வரை. சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தார். போய்விட்டார்.

எதற்கு அவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்?

மார்ச் 9

அளவுக்குச்சி கறுப்பு.

நான் என் கையால் ஊற்றியது தேன் நிறம். இரண்டே நாள். யாராவது —

பிற்பகல்: வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். டீசல் எஞ்சினில் புகைக்கரி கலந்து புது ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடுமாம். இயல்பாம். அப்படியானால் பட்டறைக்காரர்?

அதைப் பிறகு யோசிக்கலாம்.

மார்ச் 12

தரையில் ஒரு வட்டம். உள்ளங்கை அகலம். என் வண்டிக்கும் சைலன்சர் வண்டிக்கும் நடுவில், ஆனால் என் பக்கம் அதிகம். தொட்டு முகர்ந்தேன். ஆயில்.

முதலாளியம்மா வருவதற்குள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டேன். அடியில் போய் நட்டைத் தடவினேன். காய்ந்து கிடக்கிறது. என் வண்டியிலிருந்து வரவில்லை.

மார்ச் 13

அக்காவின் நகப்பூச்சு. நட்டிலிருந்து எஞ்சின்மேல் ஏறும்படி ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். யாராவது நட்டைக் கால் சுற்று திருப்பினாலும் கோடு உடையும்.

“என் நகத்துக்கே போட நேரமில்ல, நீ வண்டிக்குப் போட்டு அழகு பாக்குறியா?” என்றாள். காரணம் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மார்ச் 16

மறுபடியும் வட்டம். கோடு உடையவில்லை.

ஆயில் அளவு ஒரு நூல் குறைந்திருக்கிறது. வண்டி கொஞ்சம் சரிந்து நிற்பதால் இருக்கலாம்.

ஆக, நட்டை யாரும் தொடவில்லை. ஆனால் எண்ணெய் இருக்கிறது. கொண்டுவந்து ஊற்றினால்தான் உண்டு. பதினோரு வருடம் முழுசாக வைத்திருந்ததில் பாதியை இழந்தவன் வேறென்ன செய்வான்? ஒரு சொட்டு போதும் என்று முதலாளியம்மா சொன்னது அவனுக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் ஐயத்தைப் பற்றி எண்பது பக்கம் எழுதிப் பாதியில் விட்டவள் நான். சான்று இல்லாமல் பேச மாட்டேன். காத்திருக்கிறேன்.

மார்ச் 18

பார்த்துவிட்டேன்.

காலை ஏழேகால். கொதிகலன் அறை ஜன்னலிலிருந்து. சைலன்சர் என் வண்டியின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் தகர டப்பா. இரண்டு பக்கமும் பார்த்தான். டப்பாவைச் சரித்தான், தரையில் கையை இங்கும் அங்கும் ஓட்டினான். எழுந்து போனான்.

ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பயமா? இல்லை. நினைத்தது சரியாகப் போகும்போதும் பிடி இறுகும் போலிருக்கிறது.

நேராக முதலாளியம்மாவிடம் போனேன். அவர் முற்றத்துக்கு வந்து பார்த்தார். தரையில் ஈரமாக ஒரு கறை. சைலன்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பதினோரு வருசம் என் உப்பத் தின்னுட்டு, இந்தப் பொண்ணு பொழப்புல எண்ணெய ஊத்துறியா?”

சைலன்சர் என்னிடம் மட்டும் கேட்டார். “கண்ணால பாத்தியாம்மா?”

“பாத்தேண்ணே.”

“ம்.”

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து வாசல்கேட்டின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். குற்றம் இல்லாதவன் கத்துவான் இல்லையா? கத்த வேண்டாமா?

மார்ச் 19

எல்லா ஓட்டமும் இப்போது எனக்கு.

மார்ச் 20

அக்கா பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறாள். கேட்டதற்கு ஒரே வாக்கியம்: “நான் கை சுட்டுக்கிட்டு நின்னப்ப, யாரும் சொல்லாமலே வண்டிய எடுத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனுசன் அவரு.”

நல்லது செய்தவர் இன்னொரு நாள் கெட்டது செய்ய மாட்டாரா? செய்யலாம். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

வட்டம்.

அவர் இந்தப் பக்கமே வந்து ஐந்து நாள் ஆகிறது. சாவி முதலாளியம்மாவின் மேஜையில். வட்டம் என் வண்டியின் அடியில், பளபளவென்று, என்னைப் பார்த்துக்கொண்டு.

ஒருவேளை இரண்டாவது சாவி —

இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “ஆமா. செவுரேறிக் குதிச்சு வந்து, உன் வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிட்டுப் போறாரு. அவருக்கு வேற வேலையே இல்ல பாரு.”

தரையில் போட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். சுவரோரம், அவர் வண்டி நின்ற இடத்தில், தகர டப்பா கிடந்தது. திறந்தேன்.

மரத்தூள். பாதி டப்பா. மேலாகக் கொஞ்சம் கறுத்து உருண்டு கிடந்தது, எண்ணெயை உறிஞ்சி.

மார்ச் 24

இன்று முதல்முறையாகச் சரியாகத் தேடினேன். இதுவரை தேடவில்லை, ஆளைத்தான் தேடினேன்.

கஞ்சி போட்ட வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். நட்டைத் துடைத்தேன், சுத்தம். அதற்கு மேலே, கறுப்பு. இன்னும் மேலே, கறுப்பு. வண்டிச் சட்டத்தின் பின்பக்கமாக ஒரு கோடு ஈரமாக இறங்கி, ஒரு முழம் தள்ளிப்போய், அங்கிருந்து சொட்டியிருக்கிறது. அதனால்தான் நட்டுக்கு நேர் கீழே ஒன்றும் இல்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். ஃபில்டரின் விளிம்பில் முடிந்தது.

கழற்றினேன். இரண்டு ரப்பர் வளையங்கள்.

ஒன்று புதியதோடு வந்தது. இன்னொன்று பழையது, எஞ்சினில் ஃபில்டர் பொருந்தும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு தங்கியது. அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன். வளையத்தின்மேல் வளையம் சரியாக உட்காராது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

மூலையில் கிடந்த பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பழைய ஃபில்டரின் விளிம்பில் வளையம் இல்லை, வெறும் பள்ளம். அன்றே ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கையில் எண்ணெய் படக் கூடாது என்று பைக்குள்ளேயே கழற்றி, பைக்குள்ளேயே கட்டி வைத்தேன். என்ன சுத்தம்!

பழைய வளையத்தை நகத்தால் பெயர்த்து எடுத்தேன். முகத்தைத் துடைத்தேன். ஒரு வளையத்தோடு மறுபடி இறுக்கினேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

மார்ச் 25

சரியாகிவிட்டது. இனிக் கசியாது. யாருக்கும் தெரிய வழியில்லை.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன், வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இஸ்திரி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “உன் வேலை போச்சுன்னா, சிபாரிசு பண்ணுன என்னையும் சும்மா விடமாட்டாங்கடி. தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப என்னை ஏன் கேக்குற?”

“கேக்கலக்கா. சொல்றேன்.”

“போ. போய்ச் சொல்லித் தொலை. நாளைக்குக் காலையில சொல்லு. இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா இஸ்திரி போட்டுக்கிறேன்.”

பயமாத்தான் இருக்கு. வேற என்ன எழுத.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன். இரண்டு வளையங்களையும் காட்ட நினைத்தேன், ஒன்று எஞ்சினில் இருக்கிறதே. ஒன்றைத்தான் வைத்தேன், முதலாளியம்மாவின் மேஜையில், சாவிக்குப் பக்கத்தில்.

முதலாளியம்மா அதைத் தொடவில்லை. “அப்ப அன்னிக்கு என்ன பாத்த நீ?”

“டப்பாவப் பாத்தேம்மா. டப்பாக்குள்ள என்னன்னு பாக்கல.”

“நானும் பாக்கலையே,” என்றார். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. போனை எடுத்தார்.

சைலன்சர் பத்து மணிக்கு வந்தார். இந்த ஒரு வாரம் லாரி நிறுத்தத்தில், கிடைத்த சரக்குக்குக் காத்துக்கொண்டு நின்றாராம். முகம் கறுத்திருந்தது. முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை: “எனக்குத் தெரியாம என் எண்ணெய்மேல ஏன் தூளப் போட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உனக்காகப் போடல. தரை உன் பக்கத்துலேர்ந்து என் பக்கம் சரியுது. எண்ணெய் என் டயருக்கு வந்தா திட்டு எனக்கு.”

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் பேசினார்.

“சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?”

இல்லை என்றேன். நம்பியிருக்க மாட்டேன்.

“ம்,” என்றார்.

மன்னித்தாரா? தெரியாது. மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார். அக்காவை முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், “நான் முன்னாடியே சொன்னேன்,” என்றார். சொன்னார்தான். வண்டியும் வெளியே, வேலையும் வெளியே, யாராக இருந்தாலும் சரி என்று.

சோப்புத்தூளும் கம்பித் துடைப்பமும் எடுத்து முற்றத்துத் தரையைத் தேய்த்தேன், அவர் பக்கமும் சேர்த்து. மதியம் ஆனது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு லாரி நிறுத்தத்துக்குப் போனேன். வரிசையில் ஒன்பதாவதாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன்.