சாம்பல் நிறப் பொத்தான்கள்

3 அக்டோபர் 2002, வியாழன்

இன்று சொல்லாமல் விட்டது: "அது விளையாட்டுச் சாமான் இல்லை அண்ணாச்சி, கம்ப்யூட்டர்."

முதலாளி அழகிரிசாமி அண்ணாச்சிக்கு, இறந்துபோன தம்பி வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு கறுப்புப் பெட்டி கிடைத்ததாம். தீப்பெட்டி ஆபீஸுக்கே எடுத்து வந்துவிட்டார். என் மேஜைக்கும் முத்துச்செல்வி மேஜைக்கும் நடுவில் நின்று, இது என்ன, விற்றால் என்ன பெறும் என்று கேட்டார். கேட்டது இருவரையும். பார்த்தது அவளை. அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மதுரையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ. நான் ஐந்து வருடமாக இங்கே பில் அடிக்கிறேன்.

அவள் புரட்டிப் பார்த்து, "டிவில மாட்டி வெளாடுத கேம் அண்ணாச்சி, எரநூறு தேறும்" என்றாள். அவரும் தலையாட்டினார்.

எனக்குத் தெரியும். எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறேன். கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான்கள், ஓரத்தில் வானவில் கோடு. ஸ்பெக்ட்ரம், இருபது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கம்ப்யூட்டர்.

அவள் தப்பாகச் சொன்னது சந்தோஷமாகக்கூட இருந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

பத்திரிகைக் கட்டைத் தேடி எடுத்தேன். முதன்முதலில் வந்தவற்றில் மட்டும் பொத்தான்கள் வெளிர் சாம்பல் நிறம். பிறகு வந்தவை நீலம் கலந்தவை. ஆபீஸில் இருப்பது சாம்பல்!

அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து.

9 அக்டோபர், புதன்

முந்திக்கொண்டாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானே கண்டுபிடித்திருக்கிறாள். அன்றைக்குத் தான் சொன்னது தப்பு என்று அண்ணாச்சியிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அடியில் இருந்த நம்பரை எழுதி மெயில் போட்டாளாம். பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர், 20ஆம் தேதி நேரில் வருகிறேன், கம்பெனியிலிருந்து வந்தபடியே மாறாமல் இருந்தால் பதினைந்தாயிரம் தருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறார்.

"நீ இத வித்துக் குடுத்திட்டேன்னா புது கம்ப்யூட்டர் ரூம் ஒனக்குத்தான் தாயி" என்றார் அண்ணாச்சி.

அந்த அறைக்குச் சாந்து பூசும்போதே ஜன்னலோரம் எனக்கு மனதுக்குள் நாற்காலி போட்டுப் பார்த்தவள் நான்.

மதியம் அவள் கொண்டுவந்த மோர்மிளகாயில் பாதியை என் டிபன் மூடியில் வைத்தாள். தின்றேன்.

10 அக்டோபர்

பொறாமை. எழுதிப் பார்த்தால் சின்ன வார்த்தையாகத்தான் இருக்கிறது.

12 அக்டோபர், சனி

திங்கட்கிழமை ஆயுத பூஜை. வழக்கம்போல எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். லேபிள் வெட்டும் மெஷின், தராசு, டைப்ரைட்டர், பூட்டுகள்கூட. அந்தக் கறுப்புப் பெட்டியையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று முத்துச்செல்வி எடுத்து வந்தாள். நனைத்த துணியோடு கொஞ்சம் நின்றாள்.

"அக்கா, இதுக்கும் மண்ணெண்ணெ போடலாமாக்கா? நீங்கதான் நெறைய வாசிப்பீய."

ரப்பருக்கு மண்ணெண்ணெய் ஆகாது. டைப்ரைட்டரின் ரப்பர் உருளையில் மட்டும் படக்கூடாது என்று வருடா வருடம் எல்லாருக்கும் சொல்பவளே நான்தான்.

"போடலாமே" என்றேன்.

நான் கையால் தொடக்கூட இல்லையே?

14 அக்டோபர், திங்கள்

பொத்தான்கள் ஊறவைத்த கடலை மாதிரி உப்பிவிட்டன. எழுத்துகள் துணியோடு போய்விட்டன. அவற்றின்மேல் வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாள். சுண்டல் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

20 அக்டோபர், ஞாயிறு

நேற்றைய மழைக்குப் பிறகு கரிசல் மண் பூட்ஸில் அப்பிக்கொள்ள, வந்து சேர்ந்தார் பெங்களூர்க்காரர். ஒரு பொத்தானை விரல் நுனியால் தொட்டார். "இந்த கீஸுக்காகத்தான் வந்தேன்" என்றார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

யார் துடைத்தது என்று அண்ணாச்சி கேட்டார்.

"நாந்தான் அண்ணாச்சி."

"யாரக் கேட்டுத் தொடச்ச?"

"யாரையும் கேக்கல."

ஏன் எம்பேரச் சொல்லல அவ? சொல்லியிருந்தா, நான் இல்லவே இல்லன்னு சாதிச்சிருப்பேன். அது அவளுக்குத் தெரியுமோ? பக்கத்துலதான நின்னேன் — வாயத் தெறக்கல. இங்கன, இந்த நோட்டுல மட்டும் வருது.

11 நவம்பர், திங்கள்

முத்துச்செல்வி தீபாவளியோடு நின்றுவிட்டாள். சொந்த ஊர் விளாத்திகுளத்துக்கே போய்விட்டாளாம்.

இன்று முதல் கம்ப்யூட்டர் ரூம் எனக்கு. ஜன்னலோர நாற்காலி. காற்று அதிகம் வருகிறது என்றேன். பேப்பர் பறக்காமல் இருக்க இதை வைத்துக்கொள் என்று அந்தக் கறுப்புப் பெட்டியை அண்ணாச்சி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.