பரணில் இருக்கும் பேஸ்பால் அட்டைகள்

ஏனுங்க,

பெங்களூரிலிருந்து வந்ததும் முதலில் பீரோவைத்தான் திறப்பீர்கள். அதனால் கடிதத்தை அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நூறு வருஷத்துக்கு முந்தைய உங்கள் அமெரிக்க பேஸ்பால் அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றில் அச்சடித்த ஆட்டக்காரர்களின் மீசைகூட அழியவில்லை. விரல் பட்டால் மதிப்புப் போய்விடும் என்பீர்களே, கையைக் கழுவிக்கொண்டுதான் தொட்டேன். ஓர் அட்டையின் மூலையில் யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்ததற்கு அன்று முழுக்கச் சோறு தின்னாமல் கிடந்தீர்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதே பீரோவில்தான் நம் லின்சியின் ஞானஸ்நானப் படம் இருந்தது. அந்த மாதமே போய்விட்ட பிள்ளைக்கு வேறு படம் கிடையாது. அட்டைகளுக்கு இடம் வேண்டும் என்று அதைத் தூக்கிப் பரணில் போட்டீர்கள். ஐப்பசி மழையில் பரண் ஒழுகியது. பூஞ்சை பிடித்து முகமே போன படத்தோடு நான் வந்து நின்றபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: "அப்பவே லேமினேசன் பண்ணிப்போட்டிருந்தா இந்த வம்பே இல்லியே அம்மணி."

சரியான யோசனை. பெரியநாயக்கன்பாளையம் ஜெராக்ஸ் கடைக்கு எல்லா அட்டைகளையும் கொண்டுபோனேன். "ஒருக்கா ஒட்டிப்போட்டா பிரிக்கவே முடியாதுங்கக்கா, பரவால்லீங்களா?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"அதுக்குத்தான் கண்ணு வந்தேன்" என்றேன்.

லின்சியின் படத்தை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அட்டைகளைத் தேடி அலைய வேண்டாம், பரணில்தான் இருக்கின்றன. ஒழுகினாலும் இனிப் பயமில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்