வியூஃபைண்டரில் வளைந்த தூண்

ஜூலை 9, வியாழன்
காலையிலிருந்தே சாரல். ஐந்தருவி. இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க மூன்று நாள் பயிற்சி, முதல் நாள். ஆறு பேர், எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். பக்கத்தில் ஒரு மாஜி இன்ஸ்பெக்டர். பேச்சு நிற்காது. நிருபராக இருந்தவரை நான் கேமராவைத் தொட்டதில்லை, அதற்குத் தனி ஆள் உண்டு.

சொல்லித் தருபவர் முருகேசன் (இனி மு.): 'ஸ்கிரீனைப் பாக்காதீங்க. வியூஃபைண்டர்ல கண்ணை வச்சுப் பாருங்க.' வலக்கண்ணை வைத்தேன். நடுவில் மங்கல். சாரல்தான் என்று லென்ஸைத் துடைத்தேன். மறுபடி மங்கல். படம் என்னவோ நன்றாகவே வந்திருந்தது.

வாங்க: உலர்ந்த துணி, குடை, மிக்சர்.

ஜூலை 10, வெள்ளி
வானம் வெளுத்தது. கீழப்பாவூர் குளக்கரை. தண்ணீருக்கு அப்பால் காற்றாலைக் காத்தாடிகள், பின்னால் மலை.

வியூஃபைண்டரில் காத்தாடித் தூண் நடுவில் வளைந்து நின்றது. லென்ஸ் பழுது என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

இன்ஸ்.: 'தூணு நேராத்தான் நிக்கி அண்ணாச்சி. நீங்க கோணலா எழுதியே பழகிட்டிய.' எல்லோரும் சிரிப்பு. நானும்.

மு. வேறு கேமரா தந்தார். அதிலும் வளைவு. 'கீழ வைங்க சார். இடக்கண்ணைப் பொத்திட்டு வெறுங்கண்ணால பாருங்க.'

வெறுங்கண்ணிலும் தூண் வளைந்தது. நடுவில் சாம்பல் திட்டு.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்.: 'வண்டில ஏறுங்க, போவோம்.'

தென்காசி, கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறதாம். இடக்கண் ஈடுகட்டியதால் தெரியாமல் போனது. 'எவ்வளவு நாளா சார்?' தெரியாது. எப்போது, எங்கே என்று கேட்டே பிழைத்தவன். என் கண்ணைப் பற்றி என்னிடம் தகவல் இல்லை.

ஊசி போட்டால் மேலும் கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம். போனது திரும்பும் என்று சொல்லவில்லை. ஊசி கண்ணுக்குள். மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனைவி கோமதியிடம் சொல்லவில்லை. வகுப்பு எப்படி என்றாள். நன்று என்றேன். இட்லி.

ஜூலை 11, சனி
வெயில். பயிற்சிக்குப் போகவில்லை. இன்ஸ். நலம் விசாரித்துப் போன் போட்டிருக்கிறார். எடுத்தது கோமதி.

'ஊருக்கெல்லாம் சேதி சொல்லுத ஆளு, பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டியளோ?'

பதில் சொல்லுமுன் எதிரே உட்கார்ந்து, என் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

'நான் சிரிக்கேனா, முறைக்கேனா? சொல்லுங்க.'

முடி தெரிந்தது. கம்மல் இரண்டும். நடுவில் முகம் இல்லை.

'சிரிக்கே' என்றேன்.

கையை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.