ஷபீகா வீட்டுச் சீலிங்கும் என் பூச்சாடிகளும்

வெள்ளவத்தை,
மாசி மாதம்.

அன்பு மகள் ஹம்சிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம், வன்கூவர் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்தேன். போனில் பாதியில் விட்ட கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

தை கடைசியில் மழை நின்றதிலிருந்து இங்கே நல்ல வெயில், மொட்டை மாடியில் இருக்கிற என் பூச்சாடிகளுக்குக் காலையில் தண்ணீர் விடாவிட்டால் மத்தியானமே வாடிவிடும். அந்த நேரம் பார்த்து, மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிற ஷபீகாவின் அறைச் சீலிங்கும் சுவரும் ஊறத் தொடங்கின, அவளுடைய கைக்குழந்தைக்கு இருமல் வேறு. எங்கள் பிளாட் கமிட்டிச் செயலாளர் யோகராஜ் வந்து பார்த்து, என் சாடித் தண்ணீர்தான் இறங்குகிறது, எல்லாவற்றையும் அகற்றுங்கள் என்று சொல்லி மாடிப் பைப்பையும் பூட்டிவிட்டார். ஷபீகா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள், எனக்கு அதுதான் பெரிய வேதனை. அப்பா பகை வேண்டாம் என்றார், நீயும் விடுங்கோ அம்மா, பூவைச் சந்தையில் வாங்கலாம் என்றாய். வாங்கலாம் பிள்ளை, ஆனால் செய்யாத பிழைக்கு நான் ஏன் என் செடிகளை எறிய வேண்டும்?

யோகராஜிடம் போய், சனிக்கிழமை வரை ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன், ஈரம் காய்ந்தால் நானே எல்லாச் சாடியையும் இறக்குகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்த வெயிலில் மல்லிகை இலை சுருண்டது, செவ்வரத்தை மொட்டுகளை உதிர்த்தது. வீட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுபோனால் யாருக்குத் தெரியும் என்று மனம் சொல்லும், ஆனாலும் வெறுங்கையோடு ஏறி, சாடிகளைத் தண்ணீர்த் தாங்கியின் நிழலுக்கு இழுத்து வைத்துவிட்டு இறங்குவேன். இறங்கும்போது ஷபீகாவின் கதவைத் தட்டி, சுவரைத் தொட்டுப் பார்க்க விடு என்பேன். முதலில் முகம் கொடுக்கவில்லை, பிறகு அவளும் சேர்ந்து தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை, இன்னும் பரவியிருந்தது. வெள்ளிக்கிழமை அவளே மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு யோகராஜைக் கூட்டி வந்தாள். "ஆன்ட்டி ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்தல்ல. மண்ண நானே தொட்டுப் பாத்த. பைப் பாஸக் கூப்பிடுங்க" என்றாள். குழாய் வேலை செய்கிற பாஸ் வந்து, தாங்கியின் அடிக்குழாய் வெடித்திருப்பதைக் காட்டினார். யோகராஜ் மாடிப் பைப்பின் பூட்டுத் திறப்பை என் கையில் வைத்தார். காய்ந்த மண் தண்ணீரைப் பிடிக்காது, பக்கத்தால் வழியவிடும், அதனால் கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, திரும்ப விட்டேன். துளசி பிழைக்கவில்லை. மல்லிகை அடித்தண்டில் துளிர்த்திருக்கிறது. நேற்று ஷபீகா தன் புதினாச் சாடியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

உன் பல்கனிச் சாடிகளையும் மழை பெய்கிறதுதானே என்று விட்டுவிடாதே. கூரைக்குக் கீழே இருக்கிறதுக்கு மழை படாது, குளிர்காலத்திலும் வேர் காயும். விரலை விட்டுப் பார், காய்ந்திருந்தால் பனி உறையாத நாளில் காலையில் விடு, தட்டில் தண்ணீர் தேங்கவிடாதே.

இன்னொன்று. ஒபிசில் வேறொருவர் விட்ட பிழையை உன் தலையில் போடுகிறார்கள், வேலையை விடப்போகிறேன் என்று அழுதாய். விடுவதென்றால் விடு, நாங்கள் மறிக்கமாட்டோம். ஆனால் முதலில் அவர்கள் முன்னால் நின்று, இதை நான் செய்யவில்லை என்று வாய்திறந்து சொல்லு. சொல்லாமல் வெளியே வராதே.

கதிர்காமக் கந்தன் உனக்குத் துணை இருப்பான். வேளைக்குச் சாப்பிடு. செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கண் காட்டக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், அன்றைக்கு எங்கள் பகலில் போன் எடுக்காதே, பின்னேரம் எடு.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அம்மா,
தி. சரோஜினிதேவி